குரலுக்கு ஒதுக்கிய இரண்டு இடங்கள்

செய்தி வந்தபோது மாலை நான்கு மணி. அத்தான்தான் கூப்பிட்டார். "மச்சான், உங்க அக்கா ஏதோ ஒரு மாடிப்படியில மயங்கி விழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நான் போயிட்டிருக்கேன், நீயும் வந்துடு" என்றார். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை அவரைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை.

"அவசரப்படாத. மெதுவா வந்தா போதும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, அக்கா எங்கே இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்றார் மருத்துவர். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா தெரியாது. எங்களை உறுத்தியது வேறொன்று. அக்கா விழுந்து கிடந்த படிக்கட்டு, எங்களில் யாரும் ஒருமுறைகூடப் போயிராத ஒரு தெருவில் இருந்தது. காலையில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள், அன்று விடுப்பு எடுத்திருந்தாள் என்பதே பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் முடிந்த மறுநாள், அவளோடு வேலை பார்த்தவர் ஒருவர் வந்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். அக்கா வீட்டில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வாள், எங்களுக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது. அத்தான் எதிரில் உட்கார்ந்து, எங்கே விழுந்தார், எப்படி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அத்தான் தெருவின் பெயரைச் சொன்னார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மூணாவது மாடியா? பச்சைக் கதவா?"

"கதவு என்ன நெறம்னு நான் எங்க பாத்தேன்" என்றார் அத்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஹால்ல எல்லாருக்கும் தெரியும் சார். அந்த வீட்டுக்குப் போகணும், போயி அந்தம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு அக்கா ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. போயிட்டாங்க போல." மடியில் இருந்த கண்ணாடியைத் துடைத்தபடி, "சொன்னாங்களான்னு தெரியல" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் கேள்வியாக இருந்தது. அக்கா அந்தப் படியில் விழுந்தது ஏறும்போதா, இறங்கும்போதா? சொல்லிவிட்டு வந்தாளா, சொல்லாமலே போய்விட்டாளா?

அவள் என்ன சொல்லப் போனாள் என்பதைப் புரியவைக்க, அவள் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும்.

ஆபத்து என்றால் ஊரில் எல்லாரும் கூப்பிடும் ஓர் எண் உண்டல்லவா, அந்த அழைப்புகள் வந்து சேரும் கூடத்தில் அக்கா வேலை பார்த்தாள். முதலில் பல வருடங்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அழைப்பை எடுப்பவளாக இருந்தாள். தீ, மாரடைப்பு, கிணற்றில் விழுந்த மாடு எல்லாம் அவள் காது வழியாகத்தான் போயின. அப்புறம் மாலை வகுப்பில் படித்து, பக்கத்து அறைக்கு மாறினாள். அந்த அறையில்தான் கூடத்தை நடத்தும் கணினிகள் இருந்தன. ஜன்னல் கிடையாது. வருடம் முழுக்கக் குளிர். அந்தக் குளிரைப் பராமரிக்க வந்த ஏசி மெக்கானிக்தான் எங்கள் அத்தான். முதல் நாளே கருவிப் பையைக் கணினி அடுக்கின் மேல் வைத்து, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "மனுஷனுக்கு வேர்த்தா இவளுக்குக் கவலையில்ல, மெஷினுக்கு வேர்க்கக் கூடாது" என்று கல்யாணத்துக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார். "மெஷின் வேர்த்தா நின்னுடும். நீங்க வேர்த்தாலும் பேசிக்கிட்டேதான இருக்கீங்க" என்பாள் அவள்.

ஒருநாள் நான் கேட்டேன். "உள்ள என்னதான்க்கா வேலை பாக்குற?"

"எடம் ஒதுக்குற வேலை."

"பஸ்லயா?"

"ஆமா. கடைசியா ஏறிட்டு ஜன்னல் சீட்டு கேக்குற உன்ன மாதிரி ஆளுங்களுக்கு."

பிறகு பொறுமையாகவே விளக்கினாள். கணினியின் மூளையான பிராசஸர் ஒரே மூளை இல்லை, அதற்குள் பல கோர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் பார்க்கும் என்றாள். அவர்களுடைய கணினியில் எட்டு. ஒரு புரோகிராம் கிளம்பும்போது முதல் வேலையாக, எத்தனை கோர் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அத்தனை கையாட்களை உண்டாக்கும். எந்தக் கையாள் எந்தக் கோரில் உட்காருவது என்பதைப் பொதுவாகக் கணினியை நடத்தும் இயங்குதளம் பார்த்துக்கொள்ளும்.

"இதுல ரெண்டு கேள்வி இருக்கு" என்றாள். "இந்த வீட்ல மொத்தம் எத்தனை நாற்காலின்னு கேக்குறது ஒண்ணு. எனக்கு எத்தனை நாற்காலின்னு கேக்குறது ஒண்ணு. ஒழுங்கா வளந்த புரோகிராம் ரெண்டாவதக் கேக்கும். பாதிப் புரோகிராம் ஒழுங்கா வளரல."

அவள் செய்திருந்த ஏற்பாடு இதுதான். கூப்பிடுகிறவர்களின் குரலை இரைச்சல் நீக்கி ஹெட்போனுக்கு அனுப்பும் புரோகிராமுக்கு, கடைசி இரண்டு கோர்களைத் தனியாக ஒதுக்கியிருந்தாள். பதிவு, அறிக்கை, வரைபடம் என்று மற்றதெல்லாம் மீதி ஆறில். யாராவது அந்த இரண்டைக் கேட்டு வந்தால், பூட்டியாச்சு, முடியவே முடியாது என்பாள். அறிக்கை மெதுவாக வந்தால் யாரும் சாக மாட்டார்கள், குரல் நின்று வந்தால் சாவார்கள் என்பது அவள் வாதம். அதனால் கூடத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். சின்ன வயதில் எங்களுக்குப் படிக்கும் மேசை ஒன்றே ஒன்று. அதன் நடுவே சாக்பீஸால் கோடு போட்டு, "இந்தப் பக்கம் உன் முழங்கை வந்துது, வெட்டிடுவேன்" என்பாள். வெட்டியதில்லை. அழிய அழியக் கோட்டை மட்டும் மறுபடி மறுபடி போடுவாள்.

ஒரு மழை மாலையில் அந்த அழைப்பு வந்தது. ஒரு பெண். கணவருக்கு நெஞ்சு வலி. தெருவின் பெயரைச் சொன்னாள். "வீட்டு எண்" என்றாள். அதன் பிறகு ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு, "மூணாவது மாடி, பச்சைக் கதவு, சீக்கிரம் வாங்க." அவ்வளவுதான். போனை எங்கோ வைத்துவிட்டுக் கணவரிடம் ஓடிவிட்டாள். அழைப்பை எடுத்தவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

நீளமான தெரு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கட்டடங்கள், ஒரே மாதிரி இருட்டுப் படிகள். மழையில் வெளியே ஒருவர் இல்லை. வண்டியில் போனவர்கள் ஒவ்வொரு கட்டடமாக மூன்று மாடி ஏறி இறங்கினார்கள். பச்சைக் கதவைக் கண்டுபிடித்தபோது அந்த மனிதர் போய்விட்டிருந்தார்.

விசாரணை நடந்தது. மழையில் தொலைபேசி இணைப்பு சரியில்லை என்று எழுதி முடித்தார்கள். யார் மீதும் குற்றமில்லை. அக்கா அந்தப் பதிவைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டாள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

"லைன் அறுந்தா முன்னாடியே கரகரன்னு வரும். வருஷக்கணக்கா கேட்டிருக்கேன்" என்றாளாம் அவரிடம். "இது கத்திரியால வெட்டுன மாதிரி இருக்கு. இது லைன் இல்ல. இது நம்ம ரூம்ல நடந்திருக்கு."

"விடுங்கக்கா. விசாரணையே முடிஞ்சுபோச்சு."

"அவங்களுக்கு முடிஞ்சுது."

அதற்குப் பிறகு நடந்தது அத்தான் வாயால் கேட்டது. பதிவை வெளியே கொண்டு வரக்கூடாது, வேலை நேரத்தில் சோதனை செய்யவும் முடியாது. அக்கா அதே அளவில் எட்டு கோர் கொண்ட ஒரு பழைய கணினியை விலைக்கு வாங்கி, வீட்டு முன்னறையின் மூலையில் தையல் மெஷின் இருந்த இடத்தில் வைத்தாள். கூடத்துக் கணினியில் இருந்த அதே ஏற்பாட்டை, தெருவின் பெயர் வந்ததும் ஓடும் வரைபடத் தேடல் வரை, அதிலும் செய்தாள். அந்தப் பெண்ணின் பேச்சுக்குப் பதிலாகத் தன் குரலிலேயே ஒரு முகவரியைப் பேசிப் பதிந்துகொண்டாள். தன் தெரு, தன் வீட்டு எண், மாடி, கதவின் நிறம், சீக்கிரம் வாங்க. அந்தக் குரலைப் புரோகிராம் வழியாக விட்டு, மறுமுனையில் ஒலிபெருக்கியில் கேட்பாள். திரையில் எண்களாக வந்தாலும் அவள் நம்ப மாட்டாள், காதால் கேட்டால்தான்.

"யோசிச்சுப் பாரு மச்சான். வேலை முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்தா, மூலையிலேர்ந்து ஒரு பொம்பளை 'சீக்கிரம் வாங்க'ங்குறா. இங்கதாண்டி இருக்கேன், இன்னும் எங்க வர்றதுன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

பல வாரம் குரல் உடையவே இல்லை. முகவரி முழுசாக வந்தது. அக்காவுக்கு அப்போது முகம் தெளிந்திருந்ததாம். இணைப்புதான் காரணம் போல என்று அவளே ஒருநாள் சொன்னாளாம். பிறகு ஒரு மாலை, சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடியே எழுந்துபோனாள். மழை நாளில் ஒரே ஒரு அழைப்பா வரும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். தன் குரலை ஆறு பிரதி எடுத்து, கொஞ்சம் முன்னே பின்னே ஆறையும் ஒரே நேரத்தில் பேசவிட்டாள்.

ஆறும் வீட்டு எண்ணில் உடைந்தன.

காரணம் வரைபடப் புரோகிராம். அந்த மழைக்குச் சில வாரம் முன்னால் வெளியார் ஒருவரிடமிருந்து புதிதாக வாங்கிப் போட்டது. தெருவின் பெயரை அழைப்பு எடுப்பவர் தட்டிய உடனே தேட ஆரம்பிக்கும். தேடுவதற்கு முன், வீட்டில் மொத்தம் எத்தனை நாற்காலி என்று எண்ணும். எட்டு என்றால் எட்டு கையாள். அதோடு நிற்காமல், இயங்குதளம் உட்கார வைக்கட்டும் என்று காத்திராமல், தன் கையாட்களைத் தானே ஒவ்வொரு கோரிலும் ஒருவராகக் கொண்டுபோய் உட்கார வைக்கும். அக்கா ஒதுக்கிய இரண்டிலும்.

"பூட்டு பூட்டுன்னு சொன்னோமே, அது பூட்டு இல்ல சார்" என்றார் கண்ணாடிக்காரர். "நீயா யாரையும் அந்த ரெண்டுக்கு அனுப்பாதன்னு இயங்குதளத்துக்கு ஒரு சொல் சொல்லி வெச்சிருந்தாங்க. அது அனுப்பாது. ஆனா ஒருத்தன் நேரா கதவத் தள்ளிட்டு வந்தா, அது தடுக்காது. தடுக்குறதுக்கு வேற ஒரு வழி இருக்கு. அதுல போட்டுட்டா, எட்டாவதுல உக்காரவான்னு எவன் கேட்டாலும் முடியாதுன்னு பதில் வரும். பழைய புரோகிராம் எதுவும் அப்படிக் கேட்டதே இல்ல. அதனால ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமயே இத்தன வருஷம் ஓடிடுச்சு."

சாக்பீஸ் கோடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவர் தேடும்போது குரலுக்கு அவ்வளவாகப் பாதிப்பு இல்லை. பலர் ஒரே நேரத்தில் தேடினால், அந்த இரண்டு கோர்களிலும் பலரது கையாட்கள் வந்து குரலோடு முட்டிக்கொண்டு நின்றன. குரல் தன் முறைக்குக் காத்திருந்தது. குரலால் காத்திருக்க முடியாது, காத்திருந்தால் அறுந்துவிடும். தெருவின் பெயருக்கு அடுத்து எல்லாரும் சொல்வது வீட்டு எண். அதனால் ஒவ்வொரு முறையும் அறுந்தது அந்த இடம். அந்த வாரங்களில் கூடத்தில் எல்லாரும் "மறுபடி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு வாய்க்குள் கொழுக்கட்டை என்று சிரித்திருக்கிறார்கள். மறுபடி கேட்டால் தேடல் முடிந்திருக்கும், எண் தெளிவாக வரும். அந்தப் பெண் ஒருத்தி மட்டும் மறுபடி சொல்ல நிற்கவில்லை.

கண்டுபிடித்த மறுநாள் காலையே அக்கா கூடத்துக் கணினியில் உண்மையான பூட்டைப் போட்டுவிட்டாள். பிறகு கூடத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, "சரி பண்ணிட்டீங்கல்ல? அப்புறம் என்ன" என்றாராம். அந்தம்மாவிடம் சொல்ல வேண்டாமா என்று இவள் கேட்டதற்கு, "சொன்னா அவர் எழுந்து வந்துருவாரா" என்றாராம்.

"அக்கா அன்னைக்கு என் மேசைக்கு வந்து நின்னாங்க" என்றார் கண்ணாடிக்காரர். "'நாந்தான் அந்த ரூமுக்குப் பொறுப்பு. நான் போயி சொல்லிட்டு வந்துடுறேன்'னாங்க. அப்புறம் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னாங்க."

அவர் போன பிறகு நானும் அத்தானும் உட்கார்ந்திருந்தோம். விளக்குப் போடவில்லை. மூலையில் இருந்த கணினியின் காற்றாடி திடீரென்று வேகமெடுத்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல. டைம் ஆச்சு" என்றார் அத்தான்.

ஒலிபெருக்கியில் அக்கா பேசினாள். ஒரு அக்கா இல்லை. ஒருத்தி தெருவின் பெயரை ஆரம்பிக்கும்போது இன்னொருத்தி அதை முடித்துக்கொண்டிருந்தாள், மூன்றாமவள் பின்னாலிருந்து வந்து சேர்ந்தாள். அவசரமில்லாத, வேலை பார்க்கும் குரல். ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வீட்டு எண் என்றார்கள். எண் வர வேண்டிய இடத்தில் ஒவ்வொருத்தியாக இல்லாமல் போனாள். ஒரு கணம் அறையில் ஒருத்தியும் இல்லை. பிறகு எங்கேயோ போய்விட்டு வந்தவர்களைப் போல எல்லாரும் திரும்பி வந்து, சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்றார்கள்.

"அத்தான், இத நிறுத்துங்க."

"இரு. இது பூட்டு இல்லாத தடவை. அடுத்தது பூட்டுப் போட்ட தடவை. மாத்தி மாத்தி ஓடுற மாதிரி வெச்சிட்டுப் போயிருக்கா. பூட்டு தாங்குதான்னு தினமும் பாக்கணுமாம் அவளுக்கு." சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அதுல முழுசா சொல்லுவா. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

காற்றாடி தணிந்து மறுபடி எழுந்தது. ஆறு அக்காக்களும் வந்தார்கள். வீட்டு எண் என்றார்கள். இந்த முறை ஒருத்தியும் தொலையாமல், நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டின் எண்ணை ஆறு முறை சொன்னார்கள். அத்தான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எதுக்கு? லைன் கோளாறுன்னு எழுதி முடிச்சாச்சு. செத்தவ பேர நீயா கொண்டுபோயி சந்தியில வெக்கப் போறியா?"

"அக்கா சொன்னாளா இல்லையான்னு தெரிய வேணாமா?"

"சொல்லியிருந்தா சரி. சொல்லலன்னா?"

"சொல்லலன்னா நாம சொல்லணும்."

"நீ சொல்லுவ. காலேஜ் படிச்சவன். நாலு வார்த்தையில சொல்லிட்டு வந்துடுவ. அந்தம்மா உங்க அக்காவத் திட்டுனா நான்தான நின்னு கேக்கணும்?" என்றார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே, "அவ எந்தப் படியில விழுந்தான்னு நான் பாக்கணும். அதுக்குத்தான் வரேன்" என்றார்.

அவருடைய வேலை வண்டியிலேயே போனோம். தெரு நீளமாகத்தான் இருந்தது. கீழே இருந்து பார்த்தால் ஒரு கட்டடத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டு ஏறினோம். அத்தான் ஒவ்வொரு படியையும் பார்த்துக்கொண்டே ஏறினார். படிகளில் ஒன்றும் இல்லை. படிகளில் என்ன இருக்கும்.

பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே துணிக்கடைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுக்கும் ஒரு பெண், மெஷினில் இருந்து காலை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று நான் சொன்னதும் எழுந்துவிட்டாள். அத்தானுக்காக நாற்காலியில் இருந்த துணிக் குவியலை இறக்கி வைத்தாள்.

"உக்காருங்க. உங்க வீட்டம்மாவா? ஐயோ பாவம். நான்தான் ஓடிப் போயி பாத்தேன். பேச்சு மூச்சு இல்ல. கீழ் வீட்டுப் பையங்க தூக்கிட்டுப் போனாங்க."

"இங்க வந்தாங்களாம்மா?" என்றேன்.

"வந்தாங்களே. தண்ணிக் கணக்கு எடுக்க வந்தவங்கன்னு நெனச்சேன். வீட்டு எண் என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். இன்னொரு தடவை சொல்லுங்கன்னாங்க. காது கேக்காது போலன்னு சத்தமா சொன்னேன். அப்படியே நின்னாங்க. தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேணாம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாங்க. அதுக்குள்ள கடையிலேர்ந்து போன். உள்ள போயி பேசிட்டு வந்தா, ஆள் இல்ல. சரி, வேற வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு மெஷின்ல உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் படியில சத்தம் கேட்டுது."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொல்லவில்லை. இறங்கிவிட்டிருக்கிறாள்.

"எறங்கும்போது விழுந்துட்டாளா" என்றார் மெதுவாக.

"எறங்கும்போதா?" அந்தப் பெண் யோசித்தாள். "இல்லியே. அவங்க பை கீழ, படி திரும்புற எடத்துல ஓரமா வெச்சிருந்துது. அவங்க அதுக்கு மேல, நாலஞ்சு படி தள்ளி, தலை மேல்பக்கமா குப்புறக் கெடந்தாங்க. பையை வெச்சிட்டுத் திரும்ப ஏறி வந்திருக்காங்க. எதையாவது மறந்துட்டாங்களோ என்னவோ."

அத்தான் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்து, மடித்து, மறுபடி பையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். எட்டு, ஆறு என்றெல்லாம் ஆரம்பித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு நீங்கள் வீட்டு எண்ணைச் சரியாகத்தான் சொன்னீர்கள், அது எங்கள் அக்கா பார்த்துக்கொண்டிருந்த கணினிக்குள் வந்து அறுந்துபோனது, மழையும் இல்லை, இணைப்பும் இல்லை, அதைச் சொல்லத்தான் அவள் வந்தாள் என்றேன்.

மெஷினில் பாதி ஓரம் அடித்த துணி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் நுனியைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு போனை எடுத்தாள். பின்பக்க மூடி ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது.

"அப்ப இது நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"இத மாத்து மாத்துன்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. பேச வருது, போதும்னு நான்தான் மாத்தல. லைன் சரியில்லன்னு அவங்க எழுதிக் கொடுத்தப்ப, லைன் இல்ல, இந்தப் போன்தான்னு நெனச்சுட்டேன். இத்தன நாள். ஒவ்வொரு தடவை இது அடிக்கும்போதும்." போனை இழுப்பறையில் போட்டு மூடினாள். குரல் மாறியது. "அவ்ளோ பெரிய ஆபீஸு. ஒருத்தராவது வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"ஒருத்தி வந்தா" என்றார் அத்தான்.

அவள் அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா. போன் வந்தா என்ன, நான் வெச்சிட்டு வந்திருப்பேன்ல" என்றாள். அழுதாள். அத்தானும் அழுதார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது, ஜன்னல் விளிம்பில் ஒரு தகரப் பலகை சாய்த்து வைத்திருப்பதை அத்தான் பார்த்தார். வெள்ளையில் கறுப்பாக வீட்டு எண். கணவர் போன பிறகு செய்து வாங்கினதாம். கீழே தெருவைப் பார்த்த சுவரில் மாட்டக் கொடுத்த ஆள், அது கான்கிரீட், துளை விழாது என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

அத்தான் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வண்டியிலிருந்து துளைக்கும் கருவியை எடுத்தார். கடைக்காரரிடம் கேட்டு மின்சாரம் இழுத்தார். அந்தப் பெண் மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கத் துளை சுலபமாக விழுந்தது. வலது பக்கத்தில் உள்ளே கம்பி தட்டி, கருவியின் முனை முறிந்துவிட்டது. வேறு முனை கைவசம் இல்லை. அடுத்த வாரம் கொண்டு வந்து போட்டுவிடுகிறேன் என்று மேலே பார்த்துச் சொன்னார்.

பல வாரம் ஆகிவிட்டது, அத்தான் இன்னும் அடுத்த வாரம் என்கிறார். மழை தொடங்கிவிட்டது. பலகை இன்னும் ஒரே திருகில், வலது பக்கம் சற்றுச் சரிந்து தொங்குகிறது.